நூற்றுப் பதின்மூன்றுக்குச் சுவரோரம் ஓர் இடம்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பழமொழி சொன்னவர் பாதி வேலையோடு எழுந்து போய்விட்டார். எந்த முளையில் தெரியும், எத்தனையாவது நாளில் தெரியும், ஸ்கேலை எங்கே வைத்துப் பார்த்தால் தெரியும் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அந்த மிச்ச வேலையைத்தான் சுருட்டக்கா பத்தொன்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

பேரைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம். அவள் சுருட்டுப் பிடிக்கிறவள் இல்லை. மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்தில் விதையைத் தாளில் சுருட்டுகிறவள். பழுப்பு நிறத்தில் தடித்த தாள் ஒன்று உண்டு. அதைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, மேஜையில் விரிக்க வேண்டும். மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பத்து விதைகளை வரிசையாக வைக்க வேண்டும். விதையின் கூர்முனை கீழே பார்க்க வேண்டும், ஏனென்றால் வேர் அங்கிருந்துதான் எட்டிப் பார்க்கும். மேலே இன்னொரு ஈரத் தாள். பிறகு சுருட்டு. இறுக்கினால் வேர் மூச்சு முட்டும், தளர்த்தினால் விதை வழுக்கி அடியில் போய் உட்காரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் எழுத முடியாது, கையில்தான் வைத்திருக்க முடியும். சுற்றி ஒரு ரப்பர் பேண்டு, பென்சிலால் எண், அவ்வளவுதான். பேனாவால் எழுதினால் ஈரத்தில் கலைந்துவிடும். மூன்று சுருள்களை ஒரு கண்ணாடிக் குவளையில் நிறுத்தி இரண்டு விரல் தண்ணீர் விட்டால், பார்க்க அசல் சுருட்டுக் கட்டுதான். பேர் அப்படித்தான் வந்தது.

ஒருமுறை இருமலுக்கு ஆஸ்பத்திரி போனபோது கூட வந்தவர்கள் "சுருட்டக்கா, உங்க டோக்கன் வந்திருச்சு" என்று கூப்பிட, உள்ளே இருந்த டாக்டர் ஒன்றும் கேட்காமல் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. டாக்டர்தான் நம்பவில்லை.

பத்தொன்பது வருஷ வேலை என்று சொன்னேனே, அது காகிதத்தில் கிடையாது. எண்பத்தொன்பது நாள் வேலை. தொண்ணூறாவது நாள் வீட்டில் இரு. மறுநாள் புதிய ஆள் மாதிரி உள்ளே வா. தொண்ணூறு நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் சட்டம் எழுந்து நின்றுவிடுமே என்று நிர்வாகத்துக்குப் பயம். இந்தக் கணக்கில் சுருட்டக்கா அந்த நிலையத்தில் எழுபத்தேழு தடவை புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். எழுபத்தேழு தடவையும் வாசல் காவலாளி "புதுசா?" என்று கேட்பார். "ஆமாண்ணே, வழி சொல்லுங்க" என்பாள்.

அந்த வருஷம்தான் காற்று திரும்பியது. சங்கம் நாலு வருஷமாக இழுத்த இழுப்பில் நிர்வாகம் இறங்கி வந்து, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்களை நிரந்தரமாக்கச் சம்மதித்தது. சுருட்டக்காவின் ஃபைல் மேலே போக ஒரே ஒரு காகிதம் பாக்கி. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம். "இவருடைய பணியில் குறை ஏதும் இல்லை" என்று அதில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆபீஸில் சேர வேண்டும்.

துறைத் தலைவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வேருக்கு டாக்டர். குள்ளமான உருவம், பெரிய குரல். அவர் பிடித்திருந்த ஆராய்ச்சி இதுதான். நட்ட மூன்றாவது வாரம் மழை ஏமாற்றினால் மக்காச்சோளத்தில் சில கன்றுகள் வாடிச் சாகின்றன, சில நிமிர்ந்து நிற்கின்றன. நிற்பவை சின்ன வயதிலேயே வேரைச் சரசரவென்று ஆழத்துக்கு இறக்கியவை. அந்த வேகம் எந்த ஜீனில் இருக்கிறது? அதைப் பிடிக்க, நீள வேர்க்கார இனத்தையும் குட்டை வேர்க்கார இனத்தையும் கலந்து, பிள்ளை, பேரன், கொள்ளுப் பேரன் என்று நூற்றிருபது வம்சங்களை எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஓர் எண். ஒவ்வொன்றின் இலையிலும் துணுக்கு எடுத்து, எந்த ஜீன் தாய் வழி, எது தகப்பன் வழி என்று படித்தாகிவிட்டது. இனி வேரை அளந்து, நீள வேர்க்காரர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருக்கிற துண்டு எது என்று பார்க்க வேண்டியதுதான்.

"அப்பன் மூக்கு யாருக்கு வந்திருக்கு, ஆத்தா மூக்கு யாருக்கு வந்திருக்குன்னு பாக்குறோம். அவ்வளவுதான். மூக்குக்குப் பதிலா வேரு" என்று டாக்டரம்மா ஒருநாள் விளக்கினார்.

"இதுக்கு எதுக்கு மெஷினு? எங்க நாத்தனாரைக் கூட்டிட்டு வந்தா ஒரு பார்வையில சொல்லிருவா" என்றாள் சுருட்டக்கா.

இந்த வேலையில் ஒரு கறாரான சட்டம் உண்டு. எந்தக் குவளைக்கும் தனிச் சலுகை கூடாது. வளர்ப்பறையில் ஆறு தட்டு, தட்டுக்கு இருபது குவளை, ஒரு வம்சத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம், ஒரே சூடு, ஒரே தண்ணீர். அறையில் எங்கேயாவது அரை டிகிரி கூடக்குறைய இருந்தாலும் யாருக்கும் லாபம் போகக் கூடாது என்று, தினமும் மாலை ஐந்து மணிக்குச் சுவரில் ஒட்டிய சீட்டைப் பார்த்து எல்லாக் குவளைகளையும் ஓரிடம் நகர்த்த வேண்டும். அது மூணாம் வருஷத்தின் பொறுப்பு. மூணாம் வருஷம் என்பது முப்பத்திரண்டு வயசு ஆராய்ச்சி மாணவன். எப்போது கேட்டாலும் "மூணாம் வருஷம் படிக்கிறேன்" என்பான். மூன்று வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்தைப் பிரம்பால் காப்பாற்றலாம், மனசால் காப்பாற்றுவது கஷ்டம்.

பெரிய சுற்றுக்கு ஒரு மாசம் முன்னால் முன்னோட்டமாகக் கொஞ்சம் சுருட்டிப் பார்த்தார்கள். எட்டாம் நாள் சுருட்டக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துக் கறுப்புத் துணியில் வேரைப் பரப்பினாள். மற்றக் கன்றுகளுக்கெல்லாம் நடுவில் ஒரு தாய் வேர், விதையின் இடுப்பிலிருந்து நாலைந்து பக்க வேர், எல்லாவற்றிலும் மயிர் மயிராகக் கிளை. கல்யாணக் கூட்டம் மாதிரி இருந்தது. நூற்றுப் பதின்மூன்றைப் பிரித்தாள். ஒரே ஒரு வேர். பக்கமும் இல்லை, கிளையும் இல்லை, கம்பி மாதிரி ஒற்றை வேர். பத்துக் கன்றும் அப்படியே. மேலே இலை மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி பசேலென்று நின்றது.

"இதுல ஒரு ஜீன் உடைஞ்சிருக்கும்க்கா. பக்க வேர் போடுன்னு சொல்ற வாய் அடைச்சுப் போச்சு" என்றான் மூணாம் வருஷம்.

"சொல்ல ஆளில்லைன்னா எப்படிப் போடும், பாவம்" என்றாள் சுருட்டக்கா. சனியன் அந்தப் 'பாவம்' என்ற சொல்லில்தான் ஏறி உட்கார்ந்தது.

பெரிய சுற்று தொடங்கியது. முந்நூற்றறுபது சுருள்களை இரண்டு நாளில் சுருட்டி நிமிர்ந்தாள். வளர்ப்பறையில் கீழ்த் தட்டின் கடைசி இடம் சுவரை ஒட்டியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் கழுவுகிற கழுவுமறை. அங்கே கண்ணாடிச் சாமான்களை நீராவியில் வேகவைக்கும் பெரிய கொதிகலன் இருந்தது. குவளைகளை அடுக்கி முடித்த அன்று மதியம் குனிந்து தரை துடைத்தபோது அந்தச் சுவரில் சுருட்டக்காவின் கை பட்டது. வெதுவெதுவென்று இருந்தது. வேருக்குச் சூடு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை எட்டு மணிக்கு, அறையில் யாரும் இல்லாத நேரம், நூற்றுப் பதின்மூன்றாம் குவளையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். அங்கே இருந்ததை இதன் இடத்தில் வைத்தாள். அதற்கடுத்த நாள் பார்த்தால் குவளை வேறெங்கோ இருந்தது. சீட்டுப்படி நகர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். தேடிப் பிடித்து மறுபடியும் சுவரோரம் வைத்தாள். இப்படி ஏழு நாள்.

அதைத் தப்பு என்றே அவள் நினைக்கவில்லை. சீக்காளிப் பிள்ளையை ஜன்னல் பக்கம் படுக்க வைப்பது தப்பா?

எட்டாம் நாள் எல்லாவற்றையும் பிரித்து அளந்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை கணக்கு வந்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"நூத்திப்பதிமூணு முதல் இடம்" என்றார். "நூத்தி இருபதுலயும் இதுக்குத்தான் தாய் வேர் நீளம். இங்க பாருங்க. பக்கத்துக்குப் போற தெம்பை எல்லாம் மிச்சம் பிடிச்சு ஆழத்துக்குப் போட்டிருக்கு. அப்போ அந்த உடைஞ்ச ஜீன் வெறும் உடைசல் இல்ல. வெள்ளிக்கிழமை கட்டுரைய அனுப்புறோம். அக்கா, உங்க கடிதத்தையும் அன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ரெண்டு நல்ல காரியம் ஒரே நாள்ல."

சுருட்டக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அந்தச் சுவரோர இடம் ஞாபகத்துக்கு வந்தது.

வீடு இரண்டு அறை. முன்னறையில் நாத்தனாரின் தையல் மெஷின். புருஷனுக்குத் தங்கை, தனி ஆள், ஊர் ரவிக்கை அளவெல்லாம் மனப்பாடம், அதைவிட ஊர் சமாச்சாரம் மனப்பாடம். புருஷன் லிப்ட் மெக்கானிக். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் ஆயுசின் பாதியைக் கழித்தவர். அதனால் எதற்கும் பதறமாட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் சுருட்டக்கா விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

நாத்தனார் மெஷினை நிறுத்தினாள். அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. "ஏன் அண்ணி, ஒரு செடிய நகத்தி வச்சதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க? இந்த வீட்ல ஃபேனுக்குக் கீழ யாரு படுக்குறதுன்னு தினமும் இதே கூத்துதான் நடக்குது. எங்கண்ணன் மேல யாரு கேஸ் போட்டா?"

"இது அப்படி இல்ல. சூட்டுல வச்சா வேர் வேகமா வளரும். அது முதல்ல வந்தது அதோட சாமர்த்தியமா, நான் வச்ச இடமா? யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுல்ல? அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயில ஊசி நூலப் போட்டுத் தச்சுக்குங்க. கையெழுத்து விழட்டும். சனிக்கிழமை போயி, டாக்டரம்மா, இப்படி ஆயிருச்சுன்னு காதுல போடுங்க. ஃபைலும் போயிருக்கும், உண்மையும் சொன்ன மாதிரி ஆச்சு. என்ன, நான் சொல்றது சரிதானே அண்ணா?"

புருஷன் பல் குத்திக்கொண்டிருந்தார். "லிப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள இருக்குறவன் எந்த மாடிக்குப் போகணும்னு நான் கேக்கிறதில்ல. முதல்ல கதவத் திறப்பேன்" என்றார்.

"இவரு ஒருத்தரு. எதைக் கேட்டாலும் லிப்ட்டுல ஏத்திருவாரு" என்று நாத்தனார் மறுபடி மெஷினை மிதித்தாள்.

புதன்கிழமை முழுக்க சுருட்டக்கா அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் சொன்னது மோசமான யோசனை இல்லை. அதுதான் தொந்தரவு. மோசமான யோசனை என்றால் தள்ளிவிடலாம். எழுபத்தெட்டாவது தடவை "வழி சொல்லுங்கண்ணே" என்று காவலாளியிடம் கேட்பதை நினைத்துப் பார்த்தாள். சனிக்கிழமை சொன்னால் என்ன கெட்டுவிடும்? கட்டுரை வெள்ளிக்கிழமையே போய்விடும், அதுதான் கெடும். வேறு ஊரில் வேறு யாரோ ஒருத்தி இதே விதையை வாங்கிச் சுருட்டுவாள். அங்கே சுவரோர இடம் இருக்காது. வேர் குட்டையாக வந்து நிற்கும். அப்போது நூற்றுப் பதின்மூன்றுக்குத்தான் பொய்க்காரி என்ற பேர் வரும். கிளை இல்லை, பக்கம் இல்லை, இப்போது மானமும் இல்லை என்றால் அது எங்கே போகும்?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அளக்கும் அறைக்குள் போனாள். டாக்டரம்மா இருந்தார். மூணாம் வருஷம் கம்ப்யூட்டர் முன்னால். கண்ணாடியண்ணன் கழுவிய குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கழுவுமறைக்கும் கொதிகலனுக்கும் அவர்தான் ராஜா. இருபத்தாறு வருஷத்தில் நாலே நாலு குவளைதான் உடைத்திருக்கிறார். நாலுக்கும் தேதி சொல்வார்.

"டாக்டரம்மா, கட்டுரைய அனுப்பாதீங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

சொன்னாள். சுவர், சூடு, காலை எட்டு மணி, ஏழு நாள், எல்லாவற்றையும். மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மாவின் பெரிய குரலுக்குக் காத்திருந்தாள்.

முதலில் சத்தம் வந்தது கண்ணாடியண்ணனிடமிருந்து. குவளை உடைந்த சத்தம். ஐந்தாவது.

"நீ எப்படித் தங்கச்சி அங்க வச்சிருப்பே?" என்றார் அவர். "அங்க நாப்பத்தெட்டு இல்ல இருந்துச்சு."

எல்லோரும் திரும்பினார்கள்.

கண்ணாடியண்ணன் துண்டால் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. "நான்தான் வச்சேன். பதினோரு மணிக்குக் கொதிகலன் போடுறப்போ அழுக்குக் குவளை எடுக்க இந்தப் பக்கம் வருவேன்ல. அப்போ வைப்பேன். நாப்பத்தெட்டுங்கிறது... எங்க வீட்டம்மா கல்யாணத்துக்கு முன்னாடி குடியிருந்த வீட்டுக் கதவு நம்பரு. ரெண்டு வருஷம் அந்த நம்பருக்குத்தான் லெட்டர் போட்டேன். அத மூலைல காத்தடிக்கிற எடத்துல பாக்க மனசு கேக்கல."

"அண்ணே, உங்களுக்கு வயசு அம்பத்தேழு" என்றார் டாக்டரம்மா.

"லெட்டர் போட்டப்போ இருபத்தி நாலும்மா."

டாக்டரம்மா மூணாம் வருஷத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். அவன் கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே புகுந்துவிடுவது மாதிரி குனிந்திருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"நீயுமா?"

"இருபது, மேடம். அந்த வம்சத்துக்குத் தாய்ச் செடி, நான் முதல் முதலா என் கையால மகரந்தம் போட்ட செடி. நாலு மணிக்கு வைப்பேன். அஞ்சு மணிக்கு நானே சீட்டுப்படி எல்லாத்தையும் நகத்திருவேன்."

"ஒரு மணி நேரத்துல அதுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது மேடம். எனக்குத்தான் திருப்தி."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் ஒரே கூட்டில் மூன்று காக்கை ஒன்றுக்கொன்று தெரியாமல் குஞ்சு மாற்றி வைத்த கதை அங்கேதான் நடந்தது. தன் குவளை இடம் மாறியிருந்ததைப் பார்த்தபோதெல்லாம் மூவரும் சீட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா எழுந்து பலகையில் ஒரு நீளக் கோடு போட்டார். எட்டு, பதினொன்று, நாலு, ஐந்து என்று குறித்தார். "கொதிகலன் எத்தனை மணிக்கு அணையும்?"

"ரெண்டு மணிக்கு. சுவர் ஆற மூணே முக்கால் ஆகும்" என்றார் கண்ணாடியண்ணன். தன் சுவரைப் பற்றி அவருக்கு நிமிஷக் கணக்காகத் தெரியும்.

"காலைல எட்டு மணிக்கு அந்தச் சுவர் எப்படி இருக்கும்?"

"ஜில்லுனு இருக்கும்மா. கட்டடத்துலயே குளிர்ந்த சுவர் அதுதான். அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி, ராத்திரி பூரா சுவரக் குளிர வச்சிரும்."

டாக்டரம்மா சாக்பீஸை வைத்தார். "அக்கா, ஏழு நாளும் நீங்க நூத்திப்பதிமூணக் குளிர்ல வச்சிருக்கீங்க. சூடு ஏறுறதுக்குள்ள அண்ணன் அதைத் தூக்கிட்டாரு."

சுருட்டக்கா வாயில் கை வைத்தாள். சுவரை மதியம் ஒருமுறை தொட்டுப் பார்த்தாளே தவிர, காலை எட்டு மணிக்குத் தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ முழுச் சூடும் வாங்குனது நாப்பத்தெட்டு" என்ற மூணாம் வருஷம் கணக்கைத் தேடினான். "நாப்பத்தெட்டு எத்தனாவதுன்னா... நூத்தி இருபதுல நூத்திப் பதினெட்டு."

கண்ணாடியண்ணனின் முகம் தொங்கியது. "ஏழு நாளு. இவ்வளவு பண்ணியும்."

"வளராததை அடுப்புல வச்சாலும் வளராதுண்ணே" என்றாள் சுருட்டக்கா. முதலில் டாக்டரம்மாதான் சிரித்தார். அந்தப் பெரிய குரல் பெரிய சிரிப்பாக வந்தது. மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிரித்து முடித்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "சிரிச்சாச்சு. இப்போ கேளுங்க. இந்தக் கோடு எல்லாம் நம்ம ஞாபகத்துல இருந்து போட்டது. ஞாபகத்தை நான் கட்டுரைல எழுத முடியாது. கட்டுரை போகாது. முந்நூத்தி அறுபதையும் மறுபடி சுருட்டுங்க. சுவரோர இடத்துல இனிமே எந்தக் குவளையும் இல்ல." அப்புறம் குரலை இறக்கினார். "அக்கா, கடிதம். குறை ஏதும் இல்லைன்னு இப்போ நான் எப்படி எழுதுவேன்?"

"எழுதாதீங்கம்மா" என்றாள் சுருட்டக்கா. சொல்வது சுலபமாக இருந்தது. அப்புறம் கழுவுமறைக்குப் போய் முகம் கழுவினாள். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு டாக்டரம்மா ஒரு கடிதத்தை நீட்டினார். "உண்மையத்தான் எழுதியிருக்கேன். நீங்களே கொண்டு போய்க் குடுங்க."

ஆபீஸ் மேனேஜர் நல்லவர். ஆனால் படிவத்துக்குப் பிறந்து படிவத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். கடிதத்தை உரக்கப் படித்தார். "பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு குறை. ஒரு குவளையை இடம் மாற்றி வைத்தார். அதை வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. தன்னை நிரந்தரமாக்கும் கடிதம் என் கையெழுத்துக்குக் காத்திருந்த வாரத்தில், அவரே வந்து சொன்னார். இவரைவிட நம்பகமான கை என் துறையில் இல்லை."

படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "என்னம்மா இது? படிவத்துல ரெண்டே கட்டம்தான். குறை உண்டு, குறை இல்லை. உண்டுன்னு போட்டா ஃபைல் திரும்பி வந்துரும். இல்லைன்னு போட்டா இந்தக் கடிதம் இடிக்குது."

"உண்டுன்னே போடுங்க சார்."

"போட்டா எழுபத்தெட்டாவது தடவையா புதுசா வருவீங்க. பரவாயில்லையா?"

சுருட்டக்கா பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. கண்ணாடியண்ணன், பின்னால் மூணாம் வருஷம்.

"சார், குறை உண்டுன்னு எழுதுறதா இருந்தா எங்களுதையும் எழுதணும்" என்றார் கண்ணாடியண்ணன். "அவ ஒரு குவளைய நகத்துனா. நானும் நகத்துனேன். இந்தத் தம்பியும் நகத்துனாரு. மூணு பேரு பண்ணுன வேலைக்கு நிரந்தரம் இல்லாதவ தலை மட்டும் உருளணும்னா, அது என்ன சார் நியாயம்?"

"ரெண்டு பேரும் கைப்பட எழுதிக் கொண்டு வந்திருக்கோம்" என்று மூணாம் வருஷம் இரண்டு காகிதங்களை மேஜையில் வைத்தான்.

மேனேஜர் அந்தக் காகிதங்களைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். நிரந்தர ஊழியர் மேல் குறை என்றால் விசாரணை. மாணவன் மேல் குறை என்றால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல். ஒவ்வொன்றுக்கும் நாலு நகல். மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு அவருக்கு பஸ்.

ஒரு நிமிஷம் யோசித்தார். முப்பத்தெட்டு வருஷப் படிவ ஞானம் அந்த ஒரு நிமிஷத்தில் வேலை செய்தது. பேனாவை எடுத்து இரண்டு கட்டத்தையும் தொடாமல், இரண்டுக்கும் குறுக்கே எழுதினார்: "இணைப்பைப் பார்க்கவும்." டாக்டரம்மாவின் கடிதத்தைப் பின்னால் வைத்துக் குத்தினார்.

"இது பொய் இல்லையே?" என்று கேட்டாள் சுருட்டக்கா.

"எப்படிம்மா பொய்யாகும்? முழு உண்மையும் இணைப்புல இருக்கு. பாக்கிறவங்க பாக்கலாம்." ஃபைலை மூடிக் கயிறு கட்டினார். "முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல மேல இருக்குறவங்க யாரும் இணைப்பப் பாத்து நான் பாத்ததில்ல. இவங்களாவது பாக்கட்டுமே."

திங்கட்கிழமை மறுபடி சுருட்டத் தொடங்கினார்கள். இந்தத் தடவை சுருட்டக்கா ஒவ்வோர் எண்ணையும் பென்சிலால் எழுதினாளே தவிர, படிக்கவில்லை. சுவரோர இடத்தில் டாக்டரம்மா ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தாள் ஒட்டியிருந்தார்: "இங்கே யாருக்கும் இடமில்லை. எனக்கும்தான்." எட்டாம் நாள் மூன்று பேரும் கைகட்டி நிற்க, டாக்டரம்மாவே அளந்தார்.

நூற்றுப் பதின்மூன்று நாலாவது இடம்.

"நாலாவதா?" என்றாள் சுருட்டக்கா. கொஞ்சம் வருத்தம்தான்.

"நூத்தி இருபதுல நாலாவது. ஒத்த வேர வச்சுக்கிட்டு" என்றார் டாக்டரம்மா. "முதல் இடமா இருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும். இந்த நாலாவத நான் எந்த ஊர்லயும் தைரியமா சொல்வேன். இனிமேதான் வேலையே இருக்கு. பக்க வேர் போடாததுனால ஆழம் போகுதா, இல்ல ஆழம் போக வைக்கிற ஜீன் அந்த உடைஞ்ச ஜீனுக்குப் பக்கத்து வீட்ல குடியிருக்கான்னு பாக்கணும்."

நாற்பத்தெட்டு கடைசி இடம். கண்ணாடியண்ணன் மாலை போகும்போது அந்தக் கன்றுகளைக் குப்பையில் போடாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. வீட்டம்மா வாங்கித் தொட்டியில் நட்டாராம்.

ஆறாவது வாரம் உத்தரவு வந்தது. மேலே யாராவது இணைப்பைப் பார்த்தார்களா, பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது. உத்தரவில் "விதை சுருட்டுநர்" என்ற பதவி இல்லை. பட்டியலில் அப்படியொரு பதவியே கிடையாதாம். "ஆய்வக உதவியாளர்" என்று போட்டிருந்தார்கள். வீட்டில் நாத்தனார் அதை இரண்டு தடவை படித்தாள்.

"சனிக்கிழமை சொல்லியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்" என்றாள்.

"வந்திருக்கும்" என்றாள் சுருட்டக்கா. "ஆனா தனி ஆளா நின்னு வாங்கியிருப்பேன்."

புருஷன் ஃபேனுக்குக் கீழே இருந்த தன் பாயைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, "இன்னிக்கு நீ படு" என்றார். அவர் வாயிலிருந்து லிப்ட் வராத ஒரே நாள் அதுதான்.

மறுநாள் காலை காவலாளி வாசலில் எழுந்து நின்றார். "புதுசா?" என்றார்.

"இல்லண்ணே. பழசு" என்றாள் சுருட்டக்கா. முதல் தடவையாக.

எட்டு மணிக்கு வளர்ப்பறைக்குள் போனாள். கவிழ்த்த வாளி இடத்திலேயே இருந்தது. வெளியே வந்து, சுவருக்கு அந்தப் பக்கம், கழுவுமறைக்குப் போனாள். அங்கே கொதிகலனுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி ஒரு சிறிய பலகை உண்டு, ஒரே ஒரு சாப்பாட்டு டப்பா நிற்கிற அளவு. பதினோரு மணிக்குச் சூடு ஏறினால் ஒரு மணிக்குச் சாப்பாடு அப்போது இறக்கிய மாதிரி இருக்கும். சுருட்டக்கா தன் டப்பாவை அங்கே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒரு மணிக்கு வந்து பார்த்தால் அங்கே இருந்தது கண்ணாடியண்ணனின் டப்பா. அவளுடையது ஜன்னலோரம், ஐஸ் மாதிரி. மூணாம் வருஷத்தின் டப்பா இன்னும் கீழே, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "யாரு நகத்துனது?"

"சீட்டுப்படி நகந்திருக்கும் தங்கச்சி" என்றார் கண்ணாடியண்ணன், குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.